வாசல் பெஞ்சு

"நகருங்க. அந்த முக்காலி ஆடுது, விழுந்து வைக்கப் போறீங்க."

"அதான்," என்றார் குழாய்க்காரர்.

"என்ன அதான்? ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு அந்த நட்டோட மல்லுக்கட்டணுமா? வேற ஆளைக் கூப்பிடறேன்னா அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்க."

"அதான், அதான்!"

சமையலறை சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, இடது கையால் ஸ்பானரைத் திருகிக்கொண்டிருந்தார் அவர். வலது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. வளைவுக் குழாயின் மூட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்தது. ஊரில் எத்தனை வீட்டு ஒழுகலை நிறுத்தியவர்! அவர் வீட்டில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்க வேண்டியதாயிற்று.

பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மற்றவர் பேசுவதெல்லாம் புரியும். தான் சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கும். வாய்க்கு வரும்போது சொற்களெல்லாம் சிதறி ஓடிவிடும். 'அதான்' என்ற ஒன்று மட்டும் விசுவாசமாய் அவரோடு தங்கிவிட்டது. பசிக்கும் அதான், கோபத்துக்கும் அதான், நன்றிக்கும் அதான்.

ஸ்பானர் வழுக்கியது. அவர் தலையை வெளியே எடுத்தார். மனைவியைப் பார்த்தார். இடது கைவிரலால் மேலே காட்டினார்.

"மாட்டேன்," என்றாள் அவள்.

மறுபடியும் மேலே காட்டினார்.

"உங்களுக்கு வேணும்னா மனசுக்குள்ள சொல்லிக்கோங்க. நட்டு கழலலைன்னு நான் போய்க் கடவுள்கிட்ட நிக்கணுமா?"

பேச்சு இருந்த காலத்தில் குழாய்க்காரர் இதை அவளிடம் கேட்டதே இல்லை. அவரே பேசிக்கொள்வார். பேசிக்கொள்வார் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. யார் வீட்டுக் குளியலறையானாலும் சரி, குழாயடியில் தலையை விட்டதும் ஆரம்பித்துவிடுவார். "அப்பா, இது துருப் பிடிச்சுக் கிடக்கு. கொஞ்சம் அசைச்சுக் கொடுங்கப்பா." வீட்டுக்காரர்கள் வெளியே நின்று, "உள்ள யாரோட பேசறீங்க?" என்று கேட்பார்கள். "மேஸ்திரியோட. நான் கையாள்தானே?" என்பார். தொலைந்த மூக்குக்கண்ணாடியைக் கேட்பார். வராத பஸ்ஸைக் கேட்பார். காலில் முள் குத்தினால் அதையும் சொல்லுவார்.

"உலகத்துல போரு, பஞ்சம், அநாதைங்கன்னு ஆயிரம் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு உங்க கண்ணாடியைத் தேடித் தருவாரா?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏம்மா தர மாட்டார்? பக்கத்துலதானே இருக்கார்."

"அவ்வளவு பெரியவரைப் போய்ச் சின்ன விஷயத்துக்குத் தொந்தரவு பண்ணக்கூடாது."

"நம்ம பொண்ணு குழந்தையா இருந்தப்ப பொம்மைக்குக் கால் உடைஞ்சுதுன்னு அழுதுகிட்டு வந்துச்சே. போடி, எனக்கு ஆபீஸ் வேலை இருக்குன்னா சொன்னே?"

சொன்னாள்தான். அவருக்கு அது ஞாபகமில்லையோ, ஞாபகமிருந்தும் விட்டுவிட்டாரோ.

அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. செய்த வேலை அப்படி. ஒரு பெரிய கம்பெனியில் நிர்வாகியின் அறைக்கு வெளியே அவளுடைய மேசை. யாரை உள்ளே விடுவது, யாரை உட்கார வைப்பது, யாரை நாளைக்கு வரச் சொல்வது, எல்லாம் அவள்தான். நிர்வாகிகள் வந்தார்கள், போனார்கள். அவள் போகவில்லை. ஆபீஸ் முழுக்க அவளுக்குப் பூட்டம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும், கொஞ்சம் பெருமையும்கூட.

பூட்டம்மாவின் தொழில் ரகசியம் ஒன்று உண்டு. வருகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. "முகத்தைப் பார்த்தா கதை ஆரம்பிச்சுடும். கதை ஆரம்பிச்சா மனசு இளகிடும். மனசு இளகினா கதவு திறந்துடும்," என்று புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். மேசையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்தபடியே இடது கையை உயர்த்திக் காட்டுவாள். உள்ளங்கை வாசல் பக்கம் திரும்பியிருக்கும். அதைக் கண்டால் எவ்வளவு பெரிய மனிதரும் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். இன்னொரு விதியும் வைத்திருந்தாள். நம்ம ஆளுங்க கடைசி. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று எவரையும் முன்னால் விட்டதாகப் பேச்சு வரக் கூடாது.

ஜெபம் செய்யும்போதும் இதே ஒழுங்குதான். முதலில் புகழ்ச்சி, அப்புறம் உலக சமாதானம், ஆள்பவர்கள், ஏழைகள், நோயாளிகள், ஆமென். தனக்கென்று ஒரு வரி இருக்காது. பெரிய இடத்து நேரத்தை வீணாக்காதவள் என்று அங்கேயும் தனக்கு நல்ல பெயர் இருக்கும் என்று நம்பியிருந்தாள்.

அவருக்கு வாதம் வந்த அன்றைக்கு ஆபீஸுக்கு வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மேசைக்கு முன்னால் யாரோ வந்து நின்றார்கள்.

"ஒரு நிமிஷம் வர்றியாம்மா?"

கணவரின் குரல். ஒருநாளும் ஆபீஸ் பக்கம் வராதவர். அவள் நிமிரவில்லை. கை மட்டும் உயர்ந்தது.

விருந்தினர் போய், மேசையை ஒழுங்குபடுத்திக் கைப்பையை எடுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பெஞ்சில் அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "என்னங்க?" என்றாள். "அதான்," என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, "ஆரம்பிச்ச உடனே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். முகத்தைப் பார்க்கிற வழக்கம் உள்ளவர்.

பூட்டம்மா வேலையை விட்டாள். ஜெபத்தையும் விட்டாள். வீட்டுக்கு வந்த போதகர், "தைரியமாக் கேளுங்கம்மா, அவர் உங்க அப்பா," என்றபோது, "உட்கார வெச்சவளை உள்ளே யார் விடுவாங்க, ஐயா?" என்று கேட்டுவிட்டாள். போதகர், "கடைசியா உங்க வீட்டுக்காரர் என்னம்மா பேசினார்?" என்று வேறு கேட்டார். அதுதான் அவளைத் தின்றது. ஓயாமல் பேசிய மனிதர், பேச்சு மங்கிக்கொண்டே வந்த அந்த மதியம் முழுக்கப் பெஞ்சில் இருந்திருக்கிறார். கடைசிச் சொற்களை யாரிடமோ, எதையோ சொல்லித் தீர்த்திருப்பார். மேசையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அவள் காதில் ஒன்றும் விழவில்லை. அவளுக்குக் கிடைத்தது ஒரு நிமிஷம் வர்றியாம்மா. அதற்கு அவள் கொடுத்த பதில் ஒரு உள்ளங்கை.

வாசல் மணி அடித்தது.

"அதைத் தொடாதீங்க, இதோ வரேன்," என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

வெளியே நின்றவர் அவளைப் பார்த்ததும் ஒரு படி பின்னால் போனார். "பூட்ட... ஐயோ, அம்மா! நீங்களா? தப்பான வீட்டுக்கு வந்துட்டேனா?"

கம்பெனிக்குக் காகிதம் சப்ளை செய்யும் ஏஜெண்ட். அந்தப் பெஞ்சில் அவர் உட்காராத வாரமே கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்த நேரமும் கிடையாது.

"யாரைத் தேடி வந்தீங்க?"

"குழாய் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர்மா. ஹார்ட்வேர் கடையில இந்த வீட்டைக் காட்டினாங்க. எங்க வீட்டு சிங்க் ஒழுகுது. ரெண்டு பேர் வந்து பார்த்துட்டாங்க, மறுபடியும் ஒழுகுது. என் சம்சாரம், 'அன்னிக்கு ஒருத்தர் வரேன்னாரே, அவரைத் தேடிப் பிடிங்க'ன்னு உயிரை வாங்கறா."

"என்னிக்கு வரேன்னார்?"

"அது ஆச்சும்மா பல மாசம். உங்க ஆபீஸ் பெஞ்சுலதான் பழக்கம். வெளிநாட்டுக்காரங்க வந்தாங்களே, அன்னிக்கு. சிங்க்கைப் பத்தி அத்தனை விசாரிச்சார், டாக்டர் மாதிரி. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கறேன்னார். ஆளே வரலை. நானும் அப்புறம் உங்க ஆபீஸ் பக்கம் வரலை. நல்ல மனுஷனா இருந்தாரே, இவரும் இப்படியான்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க. உட்காருங்க."

"நீங்க உட்காருங்கன்னாலே எனக்குப் பாதி நாள் போயிடும்மா," என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர், அவள் சிரிக்காததைப் பார்த்து அடங்கினார்.

"அவர் என் வீட்டுக்காரர். அன்னிக்கு அந்தப் பெஞ்சுலதான் அவருக்கு வாதம் வந்துச்சு. இப்பப் பேச்சு இல்லை."

ஏஜெண்ட் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"யாரைப் பார்க்கணும்னு நான் கேட்டேன்மா. 'இங்க வேலை செய்யற ஒருத்தரை'ன்னார். உங்களைன்னு சொல்லவே இல்லை."

"சொல்ல மாட்டார். ஆபீஸ்ல எனக்குப் பேர் கெட்டுடும்னு நினைப்பார். வேற என்ன சொன்னார்? கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்க. சொந்தமா ஒண்ணும் சேர்க்காதீங்க."

"நான் காகிதம் விக்கறவன்மா, அதுல கதை எழுதறவன் இல்லை." அவருக்கே அந்த வேடிக்கை பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்ச நேரம் என்கிட்ட பேசினார். அப்புறம் தனக்குத்தானே பேசற மாதிரி இருந்துச்சு. யார்கிட்ட சார் பேசறீங்கன்னேன். 'உள்ள இருக்கறவரைப் பார்க்கத்தான் காத்திருக்கணும். இவர்கிட்ட எப்ப வேணும்னாலும் பேசலாம்'னார்."

"என்ன பேசினார்?"

"முதல்ல என் சிங்க்கைப் பத்திதான். 'அப்பா, வெள்ளிக்கிழமை இவர் வீட்டுக்குப் போகணும். மறந்துடுவேன், ஞாபகப்படுத்துங்க'ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் கையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் மடியில வெச்சுக்கிட்டார். 'அப்பா, கை மரத்துப் போகுது. நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. அவ வேலை முடியட்டும்.' இதை ரெண்டு மூணு தடவை சொன்னார்."

"பயந்த மாதிரி இருந்துச்சா குரல்?"

"இல்லம்மா. வெளிய போறவங்க பக்கத்து வீட்ல சாவியைக் கொடுத்துட்டுப் போவாங்களே, 'கொஞ்சம் பார்த்துக்கோங்க'ன்னு, அந்த மாதிரி."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"அப்புறம்?"

"அப்புறம் நாக்கு குழற ஆரம்பிச்சுடுச்சு. களைப்புன்னு நினைச்சேன். 'அவ ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா நல்லா இருக்கும். பரவாயில்லை, நீங்க பார்க்கறீங்கல்ல'ன்னார். யாரைச் சொல்றார்னு நான் பார்த்தேன், யாரும் நிமிரலை."

"ம்."

"கடைசியா ஒண்ணு சொன்னார்மா. அதுதான் எனக்கு நல்லா நினைவிருக்கு. 'அவ பயந்துடுவாப்பா. உங்களைக் கூப்பிடவும் மாட்டா. தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு ஒதுங்கி நிப்பா. அவ வருவான்னு நீங்க காத்துக்கிட்டிருக்காதீங்க. நீங்களே போய்ப் பேசுங்க.'"

பூட்டம்மா எழுந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"அவ்வளவு குழறின மனுஷரைப் பார்த்துட்டு நீங்களாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். குரல் உடைந்து பழைய ஆபீஸ் அதட்டலாக வந்தது.

ஏஜெண்ட் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வந்தேன்மா. உங்க மேசைக்கு எழுந்து வந்து, 'அம்மா, அங்க ஒருத்தர்'னு ஆரம்பிச்சேன். நீங்க கையைக் காட்டினீங்க."

"நானா?"

"காட்டிட்டு, 'வெளிநாட்டுக்காரங்க கிளம்பிட்டாங்க, அடுத்து நீங்கதான், உள்ள போங்க'ன்னீங்க. ஒரு மாசமா எனக்குக் கிடைக்காத வாய்ப்பு. போயிட்டேன். வெளிய வரும்போது அந்தப் பக்கக் கதவு வழியா அனுப்பிட்டாங்க." குரலைத் தாழ்த்தி, "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்னு உங்களைப் பத்தி நாங்க பெஞ்சுல உட்கார்ந்து சிரிப்போம்மா. அன்னிக்கு நான் உங்க கையைத் தள்ளிட்டுச் சொல்லியிருக்கணும். எனக்கும் என் ஆர்டர்தான் பெரிசாப் போச்சு," என்றார்.

அவளுக்கு அது ஞாபகமே இல்லை. எத்தனையோ கைகாட்டல்களில் அதுவும் ஒன்று. நீங்களே போய்ப் பேசுங்க என்று அவர் சொல்லியிருக்கிறார். அதன்படி பேச்சும் வந்திருக்கிறது, இந்த ஓட்டைவாய் ஏஜெண்டின் உருவத்தில், அன்றைக்கே, அவள் மேசைக்கே. அதையும் கைகாட்டி அடக்கியிருக்கிறாள். இத்தனை மாதமாகத் தன்னை வெளியே உட்கார வைத்திருக்கிறார் என்று யாரை நினைத்துக்கொண்டிருந்தாளோ, அவர் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

சமையலறை வாசலில் நிழல் தெரிந்தது. குழாய்க்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து நின்றார். ஏஜெண்டைப் பார்த்தார். கண் விரிந்தது.

"அதான்!" என்றார். உடனே முகம் சுண்டிப்போயிற்று. இடது கையால் நெற்றியில் தட்டிக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். "அதான்... அதான்..."

"வெள்ளிக்கிழமை வரலையேன்னு வருத்தப்படறார்," என்றாள் அவள்.

"ஐயோ சார்! வெள்ளிக்கிழமை கிடக்குது விடுங்க சார்!" என்று ஏஜெண்ட் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். பிடித்தது வலது கை. உணர்ச்சியில்லாத கை. குழாய்க்காரர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். சிங்க்குக்கு அடியில் கை காட்டினார்.

"உங்க வீட்லயுமா?" என்றார் ஏஜெண்ட். "நான் ஸ்பானரைக் கையில தொட்டதே இல்லையே சார்."

"அதான்." ஸ்பானர் அவர் கைக்கு வந்துவிட்டது.

ஏஜெண்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குழாய்க்காரர் முக்காலியில் அமர்ந்து இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு என்று கையால் காட்டினார். நட்டு அசையவில்லை. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். விரல் மேலே போனது.

இந்தத் தடவை அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. வாளிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"சர்வ வல்லமையுள்ள எங்கள் பரமபிதாவே, வானத்தையும் பூமியையும்..." என்று பழைய வரிசையில் தொடங்கி, நின்றுபோனாள். அடுத்தது உலக சமாதானம். அது வாயில் வரவில்லை.

ஏஜெண்ட் ஸ்பானரைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா," என்றாள் அவள். அந்தச் சொல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நட்டு. இந்த நட்டு... அசையலை. கொஞ்சம்..."

அதற்கு மேல் முடியவில்லை. குழாய்க்காரர் போதும் என்பதுபோல் தலையை ஆட்டி, ஏஜெண்டின் தோளில் தட்டினார். ஏஜெண்ட் இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். ஸ்பானர் வழுக்கி வாளியில் விழுந்தது. தண்ணீர் முழுக்க அவர் மேல்.

"ஆமென்," என்றார் ஏஜெண்ட், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

குழாய்க்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது. ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும் சிரிப்பு. வாதம் வந்ததிலிருந்து அவள் அந்தச் சிரிப்பை நேராகப் பார்த்ததில்லை. சோறு ஊட்டும்போதும் சவரம் செய்துவிடும்போதும் கன்னத்தைப் பார்ப்பாள், உதட்டைப் பார்ப்பாள், முகத்தைப் பார்த்ததில்லை. ஆபீஸை விட்டும் அந்த வழக்கம் மட்டும் விடவில்லை.

"நாளைக்கு எண்ணெய் வாங்கிட்டு வரேன் சார். ஒரு ராத்திரி ஊறினா நட்டு கேக்கும்," என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் ஈரச் சட்டையோடு கிளம்பினார். வாசலில் அவளிடம், "வரட்டுமாம்மா? உட்கார வைக்க மாட்டீங்களே?" என்றார்.

"நேரா உள்ள வாங்க," என்றாள்.

திரும்பி வந்தபோது அவர் முக்காலியிலேயே இருந்தார். அவள் தரையைத் துடைத்தாள். வாளியைப் பழைய இடத்தில் வைத்தாள். சொட்டு மறுபடியும் விழத் தொடங்கியது. வேலை ஒன்றும் பாக்கியில்லை. அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் கூப்பிட்டீங்களே, ஒரு நிமிஷம் வர்றியான்னு."

அவர் பார்த்தார்.

"வந்துட்டேங்க."

அவர் அதான்கூடச் சொல்லவில்லை. அவள் முகத்தை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். இறங்கிய உதடு, இறங்காத உதடு, இரண்டு கண். அன்றைக்கு ஒரு தரம் நிமிர்ந்திருந்தால் போதும். கதை கேட்க வேண்டாம், கதவைத் திறக்க வேண்டாம், ஒரு தரம் நிமிர்ந்திருந்தால். இதை எந்த ஜெபத்தில் சேர்ப்பது, எந்த வரிசையில் வைப்பது என்று தெரியவில்லை. "அப்பா," என்று மட்டும் முணுமுணுத்தாள். மீதியைப் பக்கத்தில் இருப்பவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அவருடைய வலது கையை மடியிலிருந்து எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கேன். தெரியுதா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தெரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

அவள் விடவில்லை.